கதவுக்குப் பின்னால் நின்ற நோயாளி

சாத்தான்குளத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் உபாத்தியாயினி நான். ஓராண்டுக்கும் மேலாக எனக்கு அடிவயிற்றின் வலப்பக்கம் தாங்க முடியாத வலி. டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தால் நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன். அவர் என் கணவரிடம்தான் விசாரிப்பார்.

"பொம்பளையளுக்கு மாசாமாசம் வாறதுதான், டாக்டரையா" என்பார் என் கணவர். அவருக்குக் கூச்சம். மற்ற நாளிலும் வலிக்கிறது, வயிறு கல்லாகக் கிடக்கிறது என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. என் உடம்பைப் பற்றி இரண்டு ஆண்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு பல்லைக் கடித்து நிற்பேன். டாக்டர் விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டுப் போவார். மறுமுறையும் அதே விளக்கெண்ணெய்தான்.

ஒருநாள் வகுப்பிலேயே சுருண்டு விழுந்தேன். மாட்டுவண்டியில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டரம்மாளிடமும் என் கணவரே பேசத் தொடங்கினார்.

"கொஞ்சம் வெளிய இருங்க, அண்ணாச்சி. வலி அவியளுக்குல்லா?" என்ற அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "எங்கன வலிக்கு? தொட்டுக் காட்டு, தாயி."

காட்டினேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சினைப்பையில் தேங்காய் அளவு நீர்க்கட்டி, அதுவும் முறுக்கிக்கொண்டிருந்தது. குளோரோபாரம் கொடுத்து அறுத்தெடுத்தார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டேனாம்.

இப்போது எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்கு டாக்டர் வந்தாலும் நான் கூடப்போய் நிற்கிறேன். போன வாரம் ஒரு வீட்டில் புருஷன் வாயைத் திறந்ததுமே, "அவகிட்டயே கேளுங்க, டாக்டரையா" என்றேன். டாக்டருக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் அவளிடமே கேட்டார்.