வரிசையில் ரெண்டாவது ஆள்

யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் ஒரு தளம் நடத்திப் பாருங்கள். உங்களுக்கு எத்தனை மாமியார்கள் என்று தெரிந்துவிடும். எங்களுடையது தமிழில் போர் வரலாற்றுத் தளம். ஏழெட்டுப் பேர் சேர்ந்து, யாரும் கேட்காமலே, கோட்டை, பீரங்கி, படைவீரர் என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தோம். உங்களுக்கும் இப்படி ஒரு பைத்தியம் இருந்தால் பக்கத்தில் இடம் இருக்கிறது, உட்காருங்கள்.

பீரங்கி பார்க்கிறவன்

எனக்கு விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட், சூளையின் சூடு பார்க்கிற வேலை. படிப்பு பத்தாவதோடு நின்றது. மிச்சத்தைப் பழைய புத்தகங்களும் தூக்கம் வராத பகல்களும் சொல்லிக்கொடுத்தன. காலையில் ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க மனசு வராது. தலையில் பீங்கான் மாவுத்தூளோடு நேரே ஜப்பார் பாயின் பிரவுசிங் சென்டருக்குப் போய்விடுவேன்.

ஒருநாள் பாய் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "அண்ணே, இங்க வர்றவங்க ரிசல்ட் பாப்பாங்க, வேல பாப்பாங்க, பொண்ணுகூட பாப்பாங்க. பீரங்கி பாக்குறது நீங்க ஒருத்தர்தான்."

ஆதாரம்

தளத்தில் என்னோடு அதிகம் மல்லுக்கட்டியவர் இக்பால். மங்கலம்பேட்டைக்காரர், ஷார்ஜாவில் வேலை. அச்சில் வந்த ஆதாரம் காட்டாத வரியை அவர் இருக்க விடமாட்டார். சட்டம் போட்டது நான், கத்தி அவர் கையில். எங்கள் பக்கத்துக் கோட்டையில் நூறு குதிரை நின்றதாக ஒருமுறை எழுதினேன். மறுநாள் ஒரு குதிரைகூட இல்லை. ஊரே சொல்கிறதே என்று சாட்டில் சண்டைக்குப் போனேன். பதில் வந்தது: "ஊரு சொல்றதெல்லாம் போட்டா, எங்க மாமாவும் ராஜாதாண்ணே."

பேப்பரில் வந்த பெருமை

வேப்பூரில் ஒரு பழைய சிப்பாய் வீட்டிலிருந்து படம் ஒன்று கிடைத்தது. நாலு பேர் யூனிபார்மில் வரிசையாக நிற்கிறார்கள். அவரவர் முதுகுக்கு நேரே, படத்தின் பின்பக்கம், பேர் எழுதியிருந்தது. அதில் பெரியசாமி என்பவர் எழுபத்தொன்று யுத்தத்தில் இறந்தவர், ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து ஆள். அவர் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து ஒரு பக்கம் போட்டேன். உள்ளூர்ப் பேப்பர் ஒன்று படத்தோடு அதை எடுத்துப் போட்டது. சென்டரில் எல்லாருக்கும் என் செலவில் டீ.

ஒரு வாரம் கழித்து அறுபது வயதுக்காரர் ஒருவர் அந்தப் பேப்பரை மடித்துப் பிடித்துக்கொண்டு, விசாரித்துச் சென்டருக்கே வந்தார். பேர் கபிரியேல் என்றார். பேப்பரை விரித்து என் முன்னால் வைத்தார். "தம்பி, பெரியசாமி செத்தது வாஸ்தவம். ஆனா இது எம் மூஞ்சி."

உயிரோடு இருப்பவருக்கு விதி

பையிலிருந்த அசல் படத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். படத்தைத் திருப்பினால் வரிசையும் திரும்பும் என்பது அன்றைக்குப் புத்தியில் ஏறவில்லை. பின்பக்கம் இடமிருந்து வலமாகப் படித்த பேர்களை முன்பக்கமும் இடமிருந்து வலமாகவே வைத்துவிட்டேன். நடுவில் நின்ற பெரியசாமியும் கபிரியேலும் இடம் மாறிவிட்டார்கள்.

கபிரியேல் தனக்காக வரவில்லை. பெரியசாமி மகன் முருகேசன் அப்பா முகம் பார்க்காமல் வளர்ந்தவன். அம்மாவும் போய்விட்டாள், வீட்டில் ஒரு படம் கிடையாது. "நேத்து அவன் வூட்டுக்குப் போனேன். பேப்பர்ல இருந்து என்னை வெட்டி, பிரேம் போட்டு, மாலை போட்டு வெச்சிருக்கான். விழுந்து கும்புடுறான். எனக்கு வாய் வரல. நீங்க மொதல்ல கம்ப்யூட்டர்ல சரி பண்ணுங்க, அப்புறம் நான் போயி காட்டுறேன்."

படத்தை மாற்றினேன். பத்தே நிமிஷத்தில் இக்பால் பழைய படத்தையே திரும்ப வைத்தார். ஆதாரம் பேப்பராம். அந்தப் பேப்பர் நம்மைப் பார்த்துத்தான் போட்டது என்று எழுதினேன். ஆள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்றும் எழுதினேன். இக்பால் கேட்டார்: "அவர் உயிரோட இருக்கிறதா அச்சுல எங்கயாவது வந்திருக்கா?"

வெளிச்சத்தில்

கபிரியேல் கோபப்படவில்லை. படத்தைக் கேட்டு வாங்கி, வாசலுக்குப் போய், வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பின்பக்கத்து மை தாள் வழியாகத் தெரிந்தது. அவரவர் நெஞ்சில் அவரவர் பேர், எழுத்து மட்டும் கண்ணாடியில் பார்ப்பது போல இடம்வலம் மாறி. ரெண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பினேன். இக்பால் தானே படத்தை மாற்றிவிட்டு, கீழே ஒரு வரி எழுதினார்: "பெரியவர்கிட்ட நான் சலாம் சொன்னேன்னு சொல்லுங்கண்ணே."

பக்கத்தில்

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் கபிரியேலோடு நானும் ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஏறினேன். தப்பு என்னுடையது, சொல்ல வேண்டியவனும் நான்தான். முருகேசன் புதுப் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தான். கண்ணாடி எடுத்து வந்து தன் முகத்தையும் பார்த்துக்கொண்டான். பிறகு உள்ளே போனான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு ஆணி அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

வெளியே வந்து கபிரியேலிடம் சொன்னான்: "அப்பாவ மாட்டிட்டேங்க. உங்கள எறக்க மனசு வரல, பக்கத்துலயே இருங்க. மாலைய மட்டும் எடுத்துட்டேன்."

இத்தனை வருஷம் யுத்தங்களைப் பற்றி எழுதியதில் நான் தீர்த்துவைத்தது ஒரே ஒரு தகராறு, அதையும் நான்தான் கிளப்பிவிட்டிருந்தேன்.