சுடாத பாதம்

"ஐயா, பஞ்சு படுறது தெரியுதுங்களா?" என்று மருத்துவர் கேட்டபோது, அவர் இன்னும் தொடவில்லை என்றே எண்ணினேன். கண்ணைத் திறந்தால் பஞ்சு என் கால் பெருவிரல் மேல் இருந்தது. அப்பாவின் பாதங்கள் நினைவுக்கு வந்தன.

நான் சிறுவனாக இருந்த எழுபதுகளில், பங்குனி வெயிலிலும் அப்பா வெறுங்காலோடு மலை சுற்றுவார். அடி அண்ணாமலையில் நான் நிழலுக்கு நிழல் துள்ளி ஓட, அவர் தார்ச்சாலையில் நிதானமாக நடப்பார். "அண்ணாமலையார் அருளு! உங்களுக்குச் சுடவே மாட்டேங்குதுங்க" என்று கடைக்காரர்கள் கும்பிடுவார்கள். நானும் வெறுங்காலோடே மலை சுற்றி அந்தப் பெருமையை இன்றுவரை காத்து வருகிறேன்.

வீடு திரும்பியதும் அதே பாதங்களில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, "எரியுதுடி" என்பார்.

"வெயில்ல சுடாத காலு, வூட்டு நிழல்ல இன்னாங்க எரியுது?" என்று அம்மா கேலி செய்வாள். எனக்கும் அது விளங்காத விந்தை. ஒருநாள் அவள் துணியை விலக்கியபோது, குதிகாலில் முள் புதைந்து சீழ் வைத்திருந்தது. அப்பாவுக்குத் தெரியவே இல்லை. அந்தக் காலை எடுக்க வேண்டியதாயிற்று.

இதையும், இப்போது இரவில் என் பாதங்களும் எரிவதையும் மருத்துவரிடம் சொன்னேன்.

"சக்கரையால நரம்பு கெட்டா சூடு, முள்ளு எதுவும் தெரியாதுங்க. ஆனா அந்த நரம்பே சும்மா எரியுதுனு சொல்லும். எரிச்சலுக்கு மாத்திரை தரேன். முள்ளைக் கண்ணாலதான் பாத்துக்கணும்" என்றார் மருத்துவர்.

"மலை சுத்தறப்ப?"

"செருப்பு போடணுங்க."

எங்கள் வீட்டில் எவரும் அந்தப் பாதையில் செருப்பு அணிந்ததில்லை. குனிந்து என் குதிகாலைத் திருப்பி, முள் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன்.

"எந்த மாதிரி செருப்பு வாங்கணும்?" என்று கேட்டேன்.