மூக்கர் வீட்டம்மா பசை காய்ச்சிய கதை

பாலிஷக்காவைத் தெரியாதவர்கள் அந்தச் சாலையில் யாரும் இல்லை. டயர் கடைக்கும் பழைய இரும்புக் கடைக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட நீளமான பட்டறை அவர்களுடையது. அங்கே வேலைக்கு வருவதெல்லாம் வீட்டு வண்டிகள். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாவற்றையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறதே, அந்த வண்டி. சினிமாக்காரர்கள் கேரவன் என்பார்கள். வெயிலில் வெளுத்து, தொட்டால் கையில் சுண்ணாம்பாக ஒட்டுகிற வண்டியை அக்காவிடம் விட்டால் ஒரே வாரத்தில் அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். முதலில் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்ப்பாள். அப்புறம் காம்பவுண்டு என்கிற பாலிஷ் களிம்பைப் பூசி மெஷினை ஓட்டுவாள். கடைசியில் மெழுகு. இந்த ஐம்பத்திரண்டு வயதிலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கியவர்கள் இரண்டாம் முறை கை நீட்டுவதில்லை.

வெளிப்பக்கம் அவள் ராஜ்யம் என்றால் உள்பக்கம் அவள் புருஷனுடையது. அவரை எல்லாரும் மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டு வண்டிக்கு எமன் மழைத் தண்ணீர்தான். கூரை இணைப்பில் மயிரிழை அளவு விரிசல் விட்டால் போதும், தண்ணீர் சத்தமில்லாமல் சுவருக்குள் இறங்கி உள்ளே இருக்கும் மரச்சட்டத்தை அரித்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூக்கர் உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணை மூடி, மோந்துகொண்டே ஒரு சுற்று நடப்பார். திடீரென்று நின்று, "இங்க பிரி" என்பார். பலகையைப் பிரித்தால் சட்டம் கறுத்து, நனைந்த பிஸ்கட்டாக உதிரும். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. ஈரம் பார்க்கும் மெஷின் விற்க வந்த ஒருவனை, "இதுல பேட்டரி தீர்ந்தா யாரைக் கேப்ப?" என்று கேட்டு வாசலோடு திருப்பி அனுப்பிய மனுஷன்.

பட்டறைக்கு ஒரு சட்டம் உண்டு. அழுகினதை வெட்டி எடுத்து, புதுக் கட்டை வைத்த பிறகு சுவரைத் திறந்தே போட்டு மின்விசிறியை ஓடவிடுவார்கள். தினமும் காலையில் மூக்கர் போய் மோந்து பார்ப்பார். அவர் "காஞ்சிருச்சு" என்று சொன்னால்தான் உள்பலகையை ஒட்டுவார்கள். அவர் சொன்னபின் அப்பீலே கிடையாது.

மூன்று மாதத்துக்கு முன் மூக்கருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் நாலு நாளில் போய்விட்டது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. பாலிஷக்காவுக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து வீடே புகைந்தபோது, அதற்கு நேர் எதிரே உட்கார்ந்து அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முதலில் அவளுக்குப் பாவமாக இருந்தது. இன்றைக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார் என்று பொறுத்துப் பார்த்தாள். ஒரு மாதம் போயிற்று. பல் ஆடியதையும், டயர் கடைக்காரர் தன்னைப் பார்த்து முறைத்ததையும் ஒன்றுவிடாமல் வந்து சொல்லுகிற மனுஷன் இதை மட்டும் முழுங்கிக்கொண்டு திரிந்தார். இருபத்தாறு வருஷம் ஒரே தட்டில் சாப்பிடாத குறையாக வாழ்ந்தும் நம்மிடமே மறைக்கிறாரே என்று அவளுக்கு மனசு வெந்தது. வெந்த மனசு ஆறியதும் அந்த இடத்தில் குறும்பு வந்து உட்கார்ந்தது.

பட்டறை மூலையில் ஒரு எலி செத்துக் கிடந்தது. அவள் அதை எடுத்துப் போடவில்லை. மறுநாள் மதியம் மூக்கரின் முக்காலியை அதற்குப் பக்கமாகவே தள்ளிவைத்துச் சாப்பாடு போட்டாள். அவர் முதல் கவளத்தை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி இழுத்தார்.

"கமகமன்னு இருக்கு," என்றார்.

"அப்படியா? இன்னைக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் தூக்கலா இருக்கோ?"

"ரொம்பவே தூக்கலா இருக்கு. என்ன போட்ட?"

"நான் ஒண்ணும் போடல. தானா வந்தது," என்றாள் பாலிஷக்கா. வாயைத் துடைப்பதுபோல முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனாள்.

விளையாட்டு விளையாட்டாகவே போயிருக்கும். அந்த மூன்று மாதமும் கண்ணுக்கே தெரிகிற அழுகல் வண்டிகளாக வந்ததால் மூக்கர் சமாளித்துவிட்டார். அப்புறம்தான் நர்சம்மாவின் வண்டி வந்தது.

நர்சம்மா பிரசவ வார்டில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாத தன் மூத்த அக்காவோடு இருக்கிறார். இரண்டு பேருமாகக் கடற்கரை ஓரமாகவே இரண்டு மாதம் சுற்றிவரலாம் என்று பழைய வீட்டு வண்டி ஒன்றை வாங்கியிருந்தார். பின்பக்கக் கட்டிலை ஒட்டிய சுவர் முழுக்க ஊறிப்போயிருந்தது.

"இந்தக் கட்டில்லதான் எங்கக்கா படுப்பா. அவளுக்கு வீசிங் இருக்கு," என்றார் நர்சம்மா. "பூஞ்சைக் காத்து பட்டா அன்னைக்கு ராத்திரி ஆஸ்பத்திரிதான். அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். உங்க மூக்கு சொன்னா சரின்னு எல்லாரும் சொல்றாங்க."

மூக்கர் அடக்கமாகச் சிரித்தார்.

வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. மூக்கர் கூரை இணைப்பைப் பழைய பசை போகச் சுரண்டி, புதிதாக அடைத்தார். அழுகின சட்டத்தை வெட்டி எடுத்துப் புதுக் கட்டை வைத்தார். கைவேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு வாரம் விசிறி ஓடியது. திங்கட்கிழமை காலையில் உள்ளே போனார். வழக்கம்போலக் கதவைச் சாத்தினார், வழக்கம்போல ஒரு சுற்று நடந்தார். வெளியே வந்து, "காஞ்சிருச்சு" என்றார்.

வாளி எடுக்கிற சாக்கில் பாலிஷக்கா உள்ளே எட்டிப் பார்த்தாள். ஈர வாடை குப்பென்று அடித்தது.

"இன்னும் ரெண்டு நாள் விட்டுப் பாக்கலாமே?"

"மூக்கு யாருக்கு இருக்கு? உனக்கா, எனக்கா?"

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தானாகச் சொல்லட்டும் என்கிற வீம்பு அவளுக்கு அவரைவிட ஒரு பிடி அதிகம். வெள்ளிக்கிழமை நர்சம்மா வண்டியை எடுக்க வருவார். அதுவரை இந்த மனுஷனுக்குக் கெடு. அதற்குள் வாயைத் திறக்காவிட்டால் நர்சம்மா முன்னாலேயே தானே போட்டு உடைத்துவிடுவது. உடைத்தால் அவர் முகத்தில் அப்புறம் முழிக்க முடியாது. அதற்காக ஒரு வீசிங்காரியை ஈரச் சுவருக்குப் பக்கத்தில் படுக்கவைக்க முடியுமா?

பலகையை அவர்கள் வழக்கமாக ஒட்டுகிற பசை லேசுப்பட்டதல்ல. டப்பாவைத் திறந்தாலே தலை கிறுகிறுக்கும், கண்ணில் தண்ணீர் வரும். ஒட்டினால் உடைத்துத்தான் எடுக்கணும். பாலிஷக்கா விறுவிறுவென்று அடுக்களைக்குப் போனாள். மைதாவைக் கரைத்து அடுப்பில் வைத்து, சுவரொட்டி ஒட்டுகிற பதத்துக்குக் கிளறினாள். நிறம் வெளுப்பாக இருந்தது. டீ டிகாஷன் கொஞ்சம் விட்டதும் அச்சு அசலாக வந்துவிட்டது. பசை காலியான டப்பா ஒன்றில் ஊற்றி ஆறவைத்து, புருஷன் கையில் கொடுத்தாள்.

மூக்கர் டப்பாவைத் திறந்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் சட்டென்று முகத்தைத் திருப்பி, தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

"அப்பப்பா, என்ன நெடி. நீ வெளிய போ. உனக்கு ஒத்துக்காது."

"உங்களுக்கு மட்டும் ஒத்துக்குமா?"

"எனக்குப் பழகிப்போச்சு." இரண்டு தடவை இருமவும் செய்தார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

அவள் வண்டிக்குப் பின்னால் போய், டயரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறாள். மைதா மாவுக்கு இருமுகிறவரை இப்போதுதான் பார்க்கிறாள். சிரித்து முடித்தபோது அழுகை வந்தது. இவ்வளவு நடிப்பதற்குப் பதிலாக ஒரு வார்த்தை சொன்னால் என்ன கேடு என்று ஆத்திரமாகவும் வந்தது.

நாலு நாளும் வெளிப்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே அவர் சொல்ல வழி விட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கேன்."

"மனசுல ஏதாவது இருந்தா சொல்லுங்க."

"மெழுகு தீரப்போகுது. வாங்கணும். அதான் மனசுல இருக்கு."

வெள்ளிக்கிழமை வந்தது. வண்டி வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறித்தது. நர்சம்மா சுற்றிச் சுற்றி வந்து அதில் தன் முகத்தைப் பார்த்துக் கொண்டையைச் சரிசெய்துகொண்டார். அப்புறம் மூக்கர் பக்கம் திரும்பினார்.

"கடைசியா ஒரு தடவை என் கண் முன்னால மோந்து பாத்துச் சொல்லிடுங்க. எங்கக்கா கேப்பா. நான் பாத்தேன்னு சொல்லணும்."

மூக்கர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. பாலிஷக்கா கையிலிருந்த துணியைப் பிழிந்தாள். துணியில் தண்ணீரே இல்லை. ஆனாலும் பிழிந்தாள். இந்தத் தடவையும் பொய் சொன்னால் தன் வாயால் இந்த மனுஷனின் பெயரைக் கெடுக்க வேண்டும். கதவைத் திற, உண்மையைச் சொல்லு என்று மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே கும்பிட்டாள்.

கதவு திறந்தது. மூக்கர் படியில் நின்றார். மனைவியைப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியலம்மா," என்றார்.

"என்ன தெரியல?"

"ஈரமா இல்லையான்னு தெரியல. மூணு மாசமா எனக்கு எந்த வாசமும் தெரியல. காய்ச்சல்ல போச்சு. வேற யாரோ படுக்கிற கட்டில்னா ஒருவேளை சமாளிச்சிருப்பேன். வீசிங்னு சொல்லிட்டீங்க. நாலு நாளா எனக்குத் தூக்கம் இல்ல." அப்புறம் குரலை இறக்கி, "என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது," என்றார்.

"எல்லாம் தெரியும்," என்றாள் வீட்டுக்காரி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் அவரைத் தாண்டி உள்ளே போய், நர்சம்மாவையும் கூப்பிட்டுக்கொண்டாள். "சுவர் இன்னும் ஈரம்தான். பிரிச்சுக் காயப்போடணும்."

"பிரிக்க முடியாதும்மா," என்றார் மூக்கர் பின்னாலேயே வந்து. "அந்தப் பசை ஒட்டினா ஒட்டினதுதான். பலகையை உடைச்சுத்தான்..."

பாலிஷக்கா இரண்டு விரலைப் பலகையின் ஓரத்தில் கொடுத்து இழுத்தாள். பலகை சாதுவாகக் கழன்று அவள் கையில் வந்து உட்கார்ந்தது. பின்பக்கம் பழுப்பு நிறத்தில் கூழாக இருந்தது.

மூக்கர் அதை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"மைதாவா?"

"ரெண்டு இருமலுக்கு அது போதும்னு நெனச்சேன்."

நர்சம்மாவுக்கு விஷயம் முழுசாகப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூக்கர் சிரிக்கவில்லை.

"எப்ப இருந்து தெரியும்?"

"பால் தீஞ்ச அன்னைக்கே."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

"ரோடே சிரிக்கும். அதுகூடப் பரவால்ல. நீ என்னைப் பரிதாபமா பாப்பியேன்னு பயந்தேன்."

"பரிதாபமா பாத்தா மைதா காய்ச்சிக் குடுத்திருப்பேனா? மூக்கு போனதுக்கு நான் ஒரு சொட்டு அழலைங்க. என்கிட்ட மறைச்சீங்களே, அதுக்குத்தான் அழுதேன்."

சண்டை வந்தால் அவர் வழக்கமாக வாசற்படியில் போய் உட்கார்ந்துவிடுவார். இன்றைக்குச் சுவர் முன்னால் மண்டியிட்டார். புதுக் கட்டையை நகத்தால் தட்டிப் பார்த்தார்.

"என்ன வாசம் வருது?" என்று கேட்டார்.

"ஈர வாசம்."

"அது தெரியும். ஈரத்துல எத்தனையோ இருக்கு. புளிச்ச மாதிரியா, மண்ணு மாதிரியா?"

அவள் விழித்தாள். குனிந்து இழுத்துப் பார்த்தாள். "மண்ணு. முதல் மழைல வர்ற மாதிரி."

"அப்ப மரம் தப்பிச்சுது. வெறும் ஈரம்தான், அஞ்சாறு நாள்ல காஞ்சிடும். இடது மூலைல பாரு. கீழ. இன்னும் கீழ."

"குனிய முடியல."

"படுத்துக்கோ."

பாலிஷக்கா தரையில் குப்புறப் படுத்து, மூலையில் மூக்கை வைத்தாள். இங்கே வேறு வாடை. பழைய சாக்கு மாதிரி இருப்பதாகச் சொன்னாள். சாக்கு நனைந்ததா, மக்கினதா என்று கேட்டார். மக்கினது என்றாள். மூக்கர் பென்சிலை எடுத்து அந்த மூலையில் மிஞ்சியிருந்த பழைய கட்டையில் ஒரு சாண் அளந்து கோடு போட்டார். இதுவரைக்கும் வெட்டி எடுக்கணும், அன்றைக்கு விட்டுவிட்டேன் என்றார். மூன்று மாதமாக இந்த மனுஷனின் தொழில் முடிந்தது, இனி உள்வேலையும் நம் தலையில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்குத் தரையில் கிடந்தபடியே வெட்கமாகிவிட்டது. அவள் மூக்குக்கு வாடை தெரிகிறது. அது என்ன சொல்கிறது என்பது அவளுக்குத் தெரியவில்லையே.

"பிரசவ வார்டுலகூட இவ்வளவு கேள்வி கேக்க மாட்டோம்," என்றார் நர்சம்மா. "பத்து நாள் கழிச்சு வர்றேன். ரெண்டு பேரும் சேந்து சொல்லுங்க, அப்ப எடுத்துக்கறேன்."

மூக்கர் தலையாட்டிவிட்டு, மனைவியின் தலைக்கு மேல் குனிந்தார். "நல்லா இழுத்துப் பாரு. வேற ஏதாவது வாசம் வருதா?"

"வருது."

"எங்க?"

"மேல இருந்து. வேர்வை நாத்தம். எத்தனை நாளா இந்தச் சட்டையவே போட்டிருக்கீங்க?"

மூக்கர் சட்டைக் காலரைத் தூக்கி மோந்து பார்த்தார்.

"எனக்கு எப்படித் தெரியும்? நீதானே சொல்லணும்," என்றார்.