ஒரே தகரத்தில் வெட்டிய இரண்டு குவளைகள்

1863, நவம்பர் ஒன்பது. காலை ஐந்து மணி ஐந்து நிமிடம்.

கூடாரத்துக்குள் யாரோ காப்பியை உறிஞ்சினார்கள்.

ஏசா பிராட் இதைச் சாகும்வரை ஒரே மாதிரிதான் சொன்னான். ஒரு வார்த்தை கூடவில்லை, ஒரு வார்த்தை குறையவில்லை. அன்று அவன் குடித்திருக்கவில்லை. காய்ச்சலும் இல்லை. கூடாரத்தில் அவன் ஒருவன்தான் இருந்தான். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும் என்பான்.

சத்தம் வந்த குவளை அவனே செய்தது. கனெக்டிகட்டில் அவனுக்குத் தகர வேலை. அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய வருடம் அவனும் பக்கத்து வீட்டு ஹைரம் கோலும் ஒரே நாளில் வடக்குப் படையில் பெயர் கொடுத்தார்கள். புறப்படும் முன் ஏசா ஒரே தகரத் தாளில் இரண்டு குவளைகள் வெட்டினான். ஒன்று தனக்கு, ஒன்று ஹைரத்துக்கு. கைப்பிடியின் வளைவுகூட ஒன்றுதான். இரண்டு வருடம் இருவருக்கும் ஒரே கூடாரம், ஒரே நெருப்பு.

தெற்குக் கரோலினாத் தீவுகளுக்கு வந்தபிறகு அது முடிந்தது. விடுதலையான கறுப்பர்களைக் கொண்டு புதிய படை திரட்டினார்கள். அதிகாரிகள் மட்டும் வெள்ளையர்கள். ஹைரம் தானாகவே போய் அதிகாரியாகப் பெயர் கொடுத்தான்.

"தேசம் ஒடையாம இருக்கத்தானடா வந்தோம்? இவனுங்களுக்கு விடுதலை வாங்கிக் குடுக்கவா வந்தோம்?" என்று கேட்டான் ஏசா.

"நானும் அப்படித்தான் வந்தேன். ஆத்துல குளிக்கும்போது லைமஸோட முதுகுல சவுக்குத் தழும்பப் பாத்தேன். அதுக்கப்புறம் அப்படி இல்ல."

லைமஸ் ஹைரத்தின் சார்ஜண்ட். போன வருடம்வரை அக்கரை நெல் தோட்டத்தில் அடிமை.

அடிமைமுறை பாவம் என்று யாராவது சொன்னால் ஏசா தலையாட்டுவான். ஆனால் ஹைரத்தைப் பார்க்கப் போன அன்று, பிஸ்கட் பெட்டியின்மேல் ஹைரத்தின் பக்கத்தில், எப்போதும் ஏசா உட்காரும் இடத்தில், லைமஸ் உட்கார்ந்திருந்தான். அவன் கையில் ஹைரத்தின் குவளை இருந்தது. காப்பியில் கரும்புப் பாகு வாசம்.

"அது நான் செஞ்சது," என்றான் ஏசா.

"அதான் குடுத்தேன். இந்தப் படையிலயே நல்ல குவளை அது. அவன்கிட்ட ஒண்ணும் இல்ல."

லைமஸ் எழுந்தான். "உக்காருங்க ஐயா. எடம் இருக்கு."

ஏசா உட்காரவில்லை.

திரும்பி வந்ததும் பக்கத்துக் கூடாரத்து ஓபெட் பிடித்துக்கொண்டான். "என்னடா, புருஷன் ஓடிப்போனவ மாதிரி மூஞ்சி?"

"வாய மூடு."

"கறுப்பன் சேந்தா நமக்கு நல்லதுதான்டா. அவன் வாங்குற குண்டு எனக்கு வராத குண்டு."

நெருப்பைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏசாவும் சிரித்தான். ஒரே ஒருவனுக்கு அந்தக் குண்டு சீக்கிரம் வரட்டும் என்று நினைத்துக்கொண்டே சிரித்தான்.

நவம்பர் ஆறாம் தேதி வந்தது. படகுத்துறைச் சண்டை. லைமஸுக்குக் கழுத்தில்.

மறுநாள் அவனுடைய ஆட்கள் அவனைத் தங்கள் வழக்கப்படி ஓடைக்கரையில் புதைத்தார்கள். ஏசா ஓக் மரத்தடியில் நின்று பார்த்தான். லைமஸின் மனைவி பைனா, அவன் கடைசியாகத் தொட்ட சாமான்களைக் குழிமேட்டில் வைத்தாள். ஒரு தட்டு. ஒரு விளக்கு. வைக்கும் முன் ஒவ்வொன்றையும் கல்லால் உடைத்தாள். ஹைரம் கொடுத்த குவளையைக் கவிழ்த்து, அடியில் ஆணி வைத்து ஓங்கி அடித்தாள்.

"எதுக்கு ஒடைக்கணும்?" என்றான் ஹைரம்.

"முழுசா வெச்சா அதுல பொழங்குன ஆள அவரு கூப்புட்டுக்குவாரு. ஒடைச்சா கட்டு அறுந்துரும் தொரை. நீங்களும் இதுல குடிச்சவங்கதானே."

ஹைரம் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. இரண்டு வருடத்தில் ஏசா அதைப் பார்த்ததில்லை. ஏசாவின் அண்ணன் செத்த கடிதம் வந்தபோதுகூட ஹைரம் அழவில்லை.

அன்று சாயங்காலமே ஏசா குவளையை எடுத்துவந்தான். தான் செய்ததைத் தான் எடுப்பதில் என்ன தப்பு? எட்டாம் தேதி, லாடம் அடிப்பவனின் நெருப்பில் ஈயம் உருக்கி ஓட்டையைப் பற்றவைத்தான். ஒரு சொட்டு ஒழுகவில்லை. நல்ல வேலை. ஹைரத்திடம் கொடுக்க வேண்டும், பழையபடி உட்கார வேண்டும். அவ்வளவுதான். இரண்டு குவளைகளையும் தலைமாட்டில் சேர்த்து வைத்துவிட்டுத் தூங்கினான்.

ஒன்பதாம் தேதி காலை அந்தச் சத்தம் கேட்டது.

நீளமான உறிஞ்சல். பிறகு ஒரு பெருமூச்சு. ஏசா எழுந்து உட்கார்ந்ததும் நின்றுவிட்டது. பற்றவைத்த குவளையைத் தொட்டான். காலியாக இருந்தது. ஆனால் சூடாக இருந்தது.

மதியம் ஓபெட் சொன்னான். "ஒன் ஹைரத்த நேத்து ராத்திரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. காய்ச்சலாம்."

ஏசாவுக்குப் பயம் வரவில்லை. இனி நான் வேண்டும் அவனுக்கு என்றுதான் நினைத்தான். குவளையை எடுத்துக்கொண்டு நான்கு மைல் நடந்தான். காய்ச்சல் அறைக்குள் யாரையும் விடவில்லை.

பத்தாம் தேதி. ஐந்து மணி பத்து நிமிடம்.

உறிஞ்சல். மறுபடியும் உறிஞ்சல். கூடாரத்துக்குள் கரும்புப் பாகு வாசம். ஏசாவின் பையில் பாகு கிடையாது. அவன் அதைத் தொட்டதே இல்லை.

குவளையின் விளிம்பைத் தீக்குச்சி வெளிச்சத்தில் பார்த்தான். ஈரம். உதடு பட்ட அளவுக்கு.

பதினொன்றாம் தேதி அவன் தூங்கவில்லை. கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தான்.

ஐந்து இருபது.

உறிஞ்சும் சத்தம்.

இன்னொரு உறிஞ்சும் சத்தம்...

இந்த முறை இரண்டு பேர்.

இரண்டாவது சத்தம் அவனுக்குப் பழக்கமானது. முதல் வாய் சுட்டு, நாக்கைச் சப்புக்கொட்டி, பிறகு உறிஞ்சுவது. இரண்டு வருடம் தினமும் காலையில் கேட்ட சத்தம்.

பிறகு சிரிப்பு. மெதுவாக. ரகசியம் பேசிக்கொள்கிறவர்கள் சிரிப்பதுபோல.

"ஹைரம்?"

சிரிப்பு நின்றது.

ஏசா கை நீட்டினான். பற்றவைத்த குவளை சூடாக இருந்தது.

அவனுடைய குவளையும்...

சூடாக இருந்தது.

எட்டு மணிக்குப் பைனா வந்தாள். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிறவள். ஊர்க்காரனிடம் சொல்லச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"ஹைரம் தொரை போயிட்டாரு," என்றாள். "விடியறதுக்கு முன்னாடி."

ஏசா கூடாரத் துணியை விலக்கி வழிவிட்டான்.

"ரெண்டு நாளா ஒரு வாய்த் தண்ணி எறங்கல அவருக்கு. இன்னிக்குத் திடீர்னு எழுந்து உக்காந்தாரு. கட்டில்ல ஓரமா நகந்து எடம் விட்டாரு. 'வா லைமஸ், உக்காரு'ன்னாரு. சிரிச்சாரு. அப்படியே சாஞ்சிட்டாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நான்தான் வாயத் தொடச்சேன். காப்பி. பாகு போட்ட காப்பி. அந்த அறையில யாரும் அவருக்குக் காப்பி குடுக்கல."

அவள் கண்கள் அவனுடைய தலைமாட்டுக்குப் போயின. குனிந்தாள். ஒரு குவளையை எடுத்துக் கவிழ்த்தாள். அடியில் பளபளத்த ஈயத்தை விரலால் தடவினாள். வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஏசா அந்த விரலைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான்.

"என் பேரச் சொன்னானா?"