ரொபோ கையின் மாலையைக் கழற்றிய தங்கேஸ்

தங்கேஸ் போய்விட்டாள். இன்று விடியற்காலை நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

உங்களில் பலருக்கு அவளைத் தெரியாது. ரத்தோட்டை வீதியில் எனக்கு அடுத்த வீடு. மாத்தளைப் பக்கம், தேங்காய்ப்பால் டின் அடைக்கிற ஒரு ஃபெக்டரியில் வேலை.

அழுதுகொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

அந்த ஃபெக்டரியில் டின்களைப் பெட்டியில் போடுவது பெண்கள். நிரம்பிய பெட்டிகளைத் தூக்கி, பெலட் என்கிற மரத்தட்டில் ஆள் உயரத்துக்கு அடுக்குவது ஆண்கள். அந்த செக்‌ஷன் என்றால் நிரந்தர வேலை, கூடுதல் சம்பளம்.

தங்கேஸ் பல வருஷமாக அந்த இடத்தைக் கேட்டாள். "நீ பாரம் தூக்குவியா?" என்ற ஒரே கேள்வியில் ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பிறகு, பாரம் தூக்க ஒரு ரொபோ கை வந்தது.

அன்று சாயந்திரம் வேலியோரம் நின்று கூப்பிட்டாள். "டீச்சர்... தூக்குறதுக்கு மெஷின் வந்திருச்சு. இப்ப என்ன சொல்லி என்னைய அனுப்புவாங்கன்னு பாக்குறேன்."

மெஷினை ஓட்ட ஓர் ஆள் வேண்டும். விரும்பியவர்கள் முயற்சி செய்யலாம், ஒரு பெலட்டை விழாமல் நிரப்புகிறவருக்கு அந்த வேலை என்று மேனேஜர் சொன்னாராம். மற்ற ஆண்களுக்கு லொறிப் பக்கம் வேலை இருந்தது, அதனால் யாருக்கும் வயிற்றில் அடி இல்லை.

அந்த செக்‌ஷனின் மூத்த ஆள் ராசு அண்ணன். "தங்கச்சி, சுவிட்ச போட்டுட்டு அடுப்ப பாக்க இது கிரைண்டர் இல்ல" என்று சொல்லியிருக்கிறார்.

"கிரைண்டர் வந்த பொறகு எங்க வீட்ல யாரும் அம்மிய தேடலண்ணே" என்றாளாம்.

ஒத்திகை எல்லாம் என் சாப்பாட்டு மேசையில்தான். ரிட்டயரான டீச்சர் வீட்டில் காலி சோக் பெட்டிகளுக்கா பஞ்சம்... ஒரு தட்டில் அடுக்கினாள். முதல் அடுக்கு நேராக, இரண்டாவது குறுக்காக. செங்கல் வைத்துச் சுவர் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரி. ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும், மேசையை அசைத்தாலும் சரியாது.

அந்த வரிசையை மெஷினின் திரையில் விரலால் தொட்டு வைத்துக் காட்ட வேண்டும். மிச்சத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும்.

"இந்த வயசுல எனக்கு பரீட்சை டீச்சர். எவ்வளவு மார்க் போடுவீங்க?"

"விழாம நின்னா முழு மார்க்" என்றேன்.

இந்த ரொபோ கூண்டுக்குள் நிற்கிற வகை இல்லை. ஆட்களுக்குப் பக்கத்திலேயே வேலை செய்யும், யார் மேலாவது பட்டால் உடனே நின்றுவிடும். எனக்குப் புரிய அவளே ஓர் உதாரணம் சொன்னாள். "நம்ம பஸ் கொண்டக்டர் மாதிரி இல்ல டீச்சர். இடிச்சா நிக்கும்."

பரீட்சை நாள். புது மெஷின் வந்தால் நம் ஆட்கள் சும்மா விடுவார்களா... ஐயர் வந்து பூசை. ரொபோ கைக்குச் சந்தனம், குங்குமம், தடித்த செவ்வந்தி மாலை, எலுமிச்சங்காய்ச் சரம். சிங்கள ஆட்கள் தங்கள் பங்குக்கு, பிக்கு ஓதிக் கொடுத்த பிரித் நூல் கட்டினார்கள்.

முதல் ஆள் தங்கேஸ். பட்டனை அழுத்தினாள். கை எழும்பியது... நின்றது. மறுபடி அழுத்தினாள். மறுபடி நின்றது.

"பொம்பள கை பட்டதும் கோவிச்சுக்கிருச்சுப்பா" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரிப்பு. மேனேஜர் மணிக்கூட்டைப் பார்த்தார். அடுத்த ஆளைக் கூப்பிடுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார்.

அவள் நகரவில்லை. கையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். மாலை ஆடி ஆடி அதை இழுத்துக்கொண்டிருந்தது. யாரோ தன்னைப் பிடித்திருக்கிறார்கள் என்று அது நின்றுவிடுகிறது.

ஆனால், ஐயர் போட்ட மாலையை அன்றைக்கே யார் கழற்றுவது... "தொடாத தங்கேஸ், அபசகுனம்" என்று கூட வேலை செய்கிற பெண்களே தடுத்தார்களாம்.

"சாமி படத்து மாலைய நான் தொடலக்கா. இதுக்கு தூக்க ஏலாம இருக்கு, அதான்."

மாலையையும் எலுமிச்சங்காய்ச் சரத்தையும் கழற்றினாள். நேரே போய் ராசு அண்ணன் கழுத்தில் போட்டாள். "கொஞ்ச நேரம் வச்சிருங்கண்ணே. பாரம் தூக்கி பழக்கம் உங்களுக்கு தானே."

பிரித் நூலை மட்டும் விட்டுவிட்டாள். அதில் என்ன பாரம்.

பிறகு கை நிற்கவே இல்லை. நேராக ஓர் அடுக்கு, குறுக்காக ஓர் அடுக்கு... பெலட் அவள் தலைக்கு மேலே வளர்ந்தது. கடைசிப் பெட்டி உட்கார்ந்ததும் முதலில் கை தட்டியவர் ராசு அண்ணன். மாலையும் கழுத்துமாக.

அன்று கேட்டைத் திறக்கும்போதே கத்திக்கொண்டு வந்தாள். "டீச்சர், முழு மார்க்." நடந்ததை என் வீட்டு ஹோலில் ஒவ்வொருவராக நடித்துக் காட்டினாள். மேனேஜராக, ராசு அண்ணனாக, ரொபோ கையாகவும்கூட. சிரித்து எனக்கு வயிறு நொந்துவிட்டது.

அந்த செக்‌ஷனில் நிரந்தரமான முதல் பெண் அவள். அவளுக்குப் பின்னால் இன்னும் சில பெண்கள் அந்த வேலைக்குப் போனார்கள்.

கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் அவள் வீட்டிலிருந்து வந்தேன். ராசு அண்ணன் வந்திருந்தார், கையில் தடித்த செவ்வந்தி மாலை.

"இன்னைக்கு வேலை நடக்குதா?" என்று கேட்டேன், வேறு என்ன கேட்பதென்று தெரியாமல்.

"ஓடுது டீச்சர். அவ வச்ச வரிச தான். ரெண்டாவது அடுக்கு குறுக்க போகுது."

அவளுக்கு மாலையைப் போட்டார். குனிந்து அதன் நுனியை நேராக்கினார்.

"இத கழட்டிறாத தங்கச்சி" என்றார்.

போய் வா, தங்கேஸ்.