உறை பிரிக்காத சைக்கிளுக்கு ஒரு கூடை

எங்கள் வீட்டில் எந்தப் பொருளையும் முழுதாகப் பிரிப்பதில்லை. டிவி ரிமோட், வந்த கவருக்குள்ளேயே இருந்துகொண்டு வேலை செய்கிறது. பொத்தானை அமுக்கினால் முதலில் கவர் அமுங்கும், சேனல் பிறகு மாறும். பிரிட்ஜ் கைப்பிடியில் ஒட்டியிருந்த நீலப் படலம் பாதி உரிந்து தேமல் மாதிரி நிற்கிறது. சோபாவின் பிளாஸ்டிக் உறை, யாராவது உட்கார்ந்தால் ஒரு சத்தம் போடும். முதல்முறை வரும் விருந்தாளிகள் அந்தச் சத்தம் தங்களிடமிருந்து வந்ததோ என்று பயந்து, காபி வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த வீட்டுக்குத்தான் அக்கா பிளஸ் டூ படித்தபோது ஒரு லேடீஸ் சைக்கிள் வந்தது. கருஞ்சிவப்பு நிறம். குழாய்களின் மேலெல்லாம் கடைக்காரர் சுற்றிக் கொடுத்த பாலித்தீன் உறை. "உறைய யாரும் பிரிக்கக் கூடாது, பெயிண்ட் போயிடும்" என்று அப்பா அன்றே உத்தரவு போட்டார். அப்பா காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். அவர் போட்ட உத்தரவை ரத்து செய்ய இன்னொரு உத்தரவு வேண்டும், அதையும் அவரேதான் போட வேண்டும். அக்கா ஒரு வருடம் ஓட்டினாள், கல்லூரிக்குப் பஸ்ஸில் போனாள், கல்யாணமாகிக் கும்பகோணம் போய்விட்டாள். சைக்கிள் ஒரு பழைய போர்வைக்குள் போனது. அக்காவின் மகள் பெரியவளானதும் அவளுக்குக் கொடுப்பதற்காக என்றார் அப்பா. பாப்பாவுக்கு அப்போது வயது ஒன்று. அவள் இன்னும் நேராக நடக்கவே தொடங்கியிருக்கவில்லை.

போன வருடம் அந்தப் போர்வையை விலக்கியவர் அம்மா.

அம்மா தையல் தைப்பவர். விழிதியூரில் எங்கள் வீட்டு முன்னறையில் மிஷின் ஓடும். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் திருமலைராயன்பட்டினத்தில் இருக்கிறார்கள். அங்கே போய் அளவெடுப்பதும், தைத்ததைக் கொடுப்பதும், கை கொஞ்சம் இறுக்கம் என்றால் திருப்பி வாங்கி வருவதும் அம்மாவின் வேலை. பஸ்ஸை நம்பினால் ஒரு ஜாக்கெட்டுக்கு ஒரு நாள் போய்விடும். ஆகவே சைக்கிள். "உறை கிழியாம ஓட்டு" என்ற நிபந்தனையோடு அப்பா அனுமதி கொடுத்தார்.

துணிப் பையைப் பின் கேரியரில் வைக்க அம்மாவுக்கு மனம் வராது. ஒருமுறை பை நழுவி விழுந்தது தெரியாமல் ஒரு மைல் போயிருக்கிறார். "துணி கண்ணு முன்னாடி இருக்கணும்டி" என்று ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு போவார். அந்தப் பைதான் ஒரு நாள் வாய்க்கால் மதகருகே ஆடி ஆடி, முன்சக்கரக் கம்பிக்குள் மாட்டிக்கொண்டது. அம்மாவுக்கு முழங்கால் சிராய்ப்பு. பைக்குள் இருந்த கல்யாண ஜாக்கெட்டுக்குச் சேற்றுக் குளியல்.

அப்பா முதலில் உறையைப் பார்த்தார், கிழியவில்லை. பிறகு முழங்காலைப் பார்த்தார். "போதும். இனிமே நானே ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

அன்பில் சொன்னதுதான். ஆனால் அந்த அன்பு எப்படி வேலை செய்தது என்றால், வாடிக்கையாளர் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை அணைக்காமல் நின்றுகொண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருதரம் ஹாரன் அடித்தது. உள்ளே அம்மா இடுப்பளவு எடுத்துக்கொண்டிருப்பார். பாம் பாம். "டைலரக்கா, அண்ணன் அவசரத்துல இருக்காங்க போல. அளவு பொறவு குடுக்குறேன்" என்று இரண்டு வீடுகளில் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது வீட்டில் பொறவு என்றுகூடச் சொல்லவில்லை, வேறு டைலரிடம் போய்விட்டார்கள். அம்மா வீட்டுக்கு வந்து இஞ்ச் டேப்பை மேஜையில் போட்ட விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. சைக்கிள் போனால் தொழிலும் போகும்.

"முன்னாடி ஒரு கூடை மாட்டிட்டா போதுங்க. பை ஆடாது" என்றார் அம்மா.

அப்பா கோப்பைப் படிப்பதுபோல் சைக்கிளைச் சுற்றி வந்தார். "மாட்டிக்க. ஆனா பிரேம்ல ஒரு கீறல் விழக்கூடாது. பாப்பாவுக்குப் போற வண்டி. ஞாயித்துக்கிழம பாப்பேன். கீறல் இருந்துச்சு, மறுபடி போர்வைக்குள்ள போயிடும்."

இங்கேதான் நான் உள்ளே நுழைகிறேன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்திருந்தேன். வேலை கொடுத்துவிட்டோம், எப்போது சேருவது என்று பிறகு சொல்கிறோம் என்ற ஒரு மின்னஞ்சலை நம்பி ஆறு மாதமாக வீட்டில் இருந்தேன். நாலு வருடப் படிப்புக்கு முதல்முறையாக வீட்டில் ஒரு வேலை வந்திருக்கிறது. விடுவேனா?

பதினோரு வீடியோ பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைக்காரர், பளபளக்கும் கராஜ், சுவரில் அளவு வாரியாகத் தொங்கும் ஸ்பேனர்கள். எங்கள் வீட்டில் இருந்தது முனை மழுங்கிய ஒரு ஸ்பேனரும், கைப்பிடி போய்த் தலை மட்டும் மிஞ்சிய சுத்தியலும். பரவாயில்லை என்று நோட்டுப் புத்தகத்தில் படம் வரைந்தேன், எடை போட்டேன், விசை அம்பு போட்டேன். ஹேண்டில் நுழையும் அந்தக் குட்டைக் குழாய், அதாவது பிரேமின் கழுத்து, அதை ஒரு பட்டையால் கவ்விப் பிடிக்கும் தாங்கி ஒன்று இணையத்தில் கிடைத்தது. துளை போட வேண்டாம். ஹேண்டில் திரும்பினாலும் கூடை நேராகவே இருக்கும். நான்கே நாளில் வரும் என்றார்கள். எங்கள் முகவரியில் மாநிலம் புதுச்சேரி என்று இருப்பதால் பார்சல் நேராகப் புதுச்சேரிக்கே போனது. அங்கிருந்து ஒருவர் போன் செய்து, "மேடம், வீட்டுக்குக் கீழ நிக்கிறேன், வாங்க" என்றார். நடுவில் நூற்று முப்பது கிலோமீட்டரும் பாதித் தமிழ்நாடும் இருக்கிறது என்று அவருக்கு விளக்கி, பார்சல் வந்து சேர்ந்தபோது வியாழக்கிழமை ஆகிவிட்டது.

அன்றே மாட்டினேன், உறையின் மேலேயே. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அன்று எனக்கு அது பெரிய யோசனையாகவே பட்டது. கீறல் விழாமல் இருக்கத்தானே உறை? ஏற்கெனவே ஒரு பாதுகாப்பு இருக்கும்போது எதற்கு இன்னொன்று? நோட்டில் எழுதி, இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டேன்.

சோதனை ஓட்டத்துக்குக் கூடையில் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்தேன். பிள்ளையார் கோயில்வரை ஒன்றும் ஆகவில்லை. வேகத்தடையில் ஏறியதும் பட்டை உறையோடு சேர்ந்து வழுக்கியது. கூடை மெல்ல, மரியாதையாக, தலை குனிந்தது. பை தரையில் விழுந்து வாய் பிளந்தது. எதிர்வீட்டு அத்தையின் கோழிகள் எங்கிருந்துதான் வந்தனவோ, குடும்பத்தோடு வந்தன.

அத்தை வாசலில் நின்று பார்த்தார். "ஏண்டி, கோழிக்குத் தீனி போடத்தான் இன்ஜினியருக்குப் படிச்சியா?"

"சோதனை அத்த."

"அதான் பாக்குறேனே. என் கோழி நல்லா பாஸ் பண்ணிருச்சு."

மறுநாள் கீழவாஞ்சூர் சாலையில் இருக்கும் பஞ்சர் கடைக்குப் போனேன். துறைமுக லாரிகளுக்கு டியூப் ஒட்டும் கடை. வைத்திருப்பவன் என்னோடு பத்தாவதுவரை படித்தவன், கணக்குப் பரீட்சையில் என்னைப் பார்த்து எழுதியவன்.

"வாங்க இன்ஜினியர் மேடம். என்ன வேணும்?"

"பழைய டியூப்ல ஒரு துண்டு. வழுக்காம இருக்கப் பட்டைக்கு அடியில சுத்தணும்."

"ஓ, படிப்புல டியூப்பு வரலியா?" என்று கத்தரியை எடுத்தவன், நின்று கேட்டான். "எதுக்கு மேல சுத்தப் போற? பெயிண்ட் மேலதான?"

நான் பழைய டியூப் குவியலைக் கிளறினேன்.

"ஏய், கவரு மேலயா?"

"எங்கப்பா பிரிக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காருடா."

அவன் சிரித்த சிரிப்பில் லாரிக்கு அடியில் படுத்திருந்த டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "அண்ணே, ஒண்ணுமில்ல. மேடம் கட்டு பிரிக்காம டெட்டால் போடுறாங்க" என்று அவருக்கு விளக்கம் வேறு. அந்த வருடம் அவனுக்கு விடையைக் காட்டியிருக்கவே கூடாது.

அவன் சொல்வது சரி என்று எனக்கும் தெரியும். ஆனால் அப்பாவின் உத்தரவு? ஆகவே நான் ஒரு சமரசம் செய்தேன். உறையின் மேல் ரப்பர், ரப்பரின் மேல் பட்டை, பட்டையின் மேல் என் பலம் முழுவதும். மழுங்கிய ஸ்பேனரால் திருகத் திருக, உள்ளே உறை சுருங்கிச் சுருங்கி அப்பளம்போல் நொறுங்கும் சத்தம் கேட்டது. இன்னும் ஒரு சுற்று சுற்றினால் பட்டை பெயிண்ட்டுக்குள் இறங்கிவிடும். சுற்றாவிட்டால் கூடை ஆடும். அப்படியே ஸ்பேனரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அம்மா மிஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். "என்னடி செய்யுற?"

"பிடிக்க மாட்டேங்குதும்மா. உறை வழுக்குது."

"லைனிங் சுருங்கி இருக்கும்போது மேல தைச்சா எப்படி நிக்கும்? பிரிச்சு நேராக்கிட்டுத்தான தைக்கணும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்த் தன் கத்தரியை எடுத்து வந்தார். எங்கள் வீட்டில் அந்தக் கத்தரியைத் துணி தவிர வேறு எதற்கும் தொட முடியாது. பால் கவர் வெட்டியதற்காக அக்கா அடி வாங்கியிருக்கிறாள். அந்தக் கத்தரியால் அம்மா கழுத்தில் தொடங்கி ஒரே வெட்டில் உறையைப் பிளந்தார். எதிர்வீட்டு அத்தை, "அடி ஆத்தி!" என்று படியிறங்கி வந்துவிட்டார்.

பழுப்பேறி மங்கிப்போயிருந்த அந்த உறைக்குள் கருஞ்சிவப்பு இல்லை. காவி நிறம். ஏழு வருடக் கடற்காற்றின் ஈரம் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் அங்கேயே குடித்தனம் நடத்தியிருந்தது. குழாய் நெடுகத் துரு, கொப்புளம் கொப்புளமாக. அம்மா அடுத்த குழாயின் உறையைப் பிரித்தார். அங்கும் அப்படியே. பின்சக்கரத்துப் பக்கம் அக்கா காலத்திலேயே உறை கிழிந்துபோன ஒரு சாண் இடம் மட்டும், காற்றும் வெயிலும் பட்டு, கடையில் பார்த்த நிறத்தில் மின்னியது.

அம்மா கத்தரியை முந்தானையில் துடைத்தார். பிறகு அத்தை, "அண்ணன் வர்ற நேரம். நான் போறேன்" என்று போய்விட்டார். தன் வாசல்வரைதான் போனார், அங்கிருந்தும் நன்றாகத் தெரியும்.

நான் உப்புத்தாளை எடுத்துக் கழுத்தை மட்டும் தேய்த்தேன். அம்மாவின் மிஷினுக்கு வாங்கிய எண்ணெயில் துணியை நனைத்துத் துருவெல்லாம் போகத் துடைத்து, மறுபடி உலரத் துடைத்தேன். டியூப் துண்டை நேராகச் சுற்றினேன். பட்டையை வைத்து இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி, ஒன்று கொஞ்சம், மற்றது கொஞ்சம் என்று திருகினேன். ரப்பர் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்திவிட்டேன். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, பிரேக் ஒயர் கூடையில் இடிக்கிறதா என்று பார்த்தேன். இடிக்கவில்லை. அரிசிப் பையை வைத்து வேகத்தடையில் மூன்று முறை ஏறி இறங்கினேன். கோழிகள் ஏமாந்து திரும்பின. நோட்டைத் திறக்கவே இல்லை. அப்பா வருவதற்குள் அம்மா சைக்கிளின் மேல் பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா செல்போன் டார்ச்சோடு குனிந்தார்.

"உறை எங்க?"

"வெட்டிட்டேன்" என்றார் அம்மா. நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

டார்ச் குழாயின் மேல் ஊர்ந்தது. ஒரு கொப்புளத்தை நகத்தால் தொட்டார், அது உதிர்ந்தது. அடுத்ததைத் தொட்டார். "கம்பெனிக்காரன் பெயிண்ட்டே சரியா அடிக்கல" என்றார் கடைசியில்.

"ஆமாங்க" என்றார் அம்மா. "கம்பெனிக்காரந்தான்."

"கடல் காத்து அண்ணே, உள்ள பூந்துருச்சு!" என்று எதிர்வாசலிலிருந்து குரல் வந்தது. அப்பா திரும்பவே இல்லை.

"கீறல் விழலப்பா" என்றேன். "கழுத்துல வேணும்னா பட்டையக் கழட்டிப் பாருங்க."

அவர் பட்டையைத் தொடவில்லை. நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நெடுநேரம் சைக்கிளையே பார்த்தார். எனக்குப் பாவமாக இருந்தது. ஏழு வருடமாக அவர் ஒருவர்தானே இதைப் பத்திரமாக வைத்திருந்தார். "இத எப்படிப் பாப்பாவுக்குக் குடுக்குறது? மருமகன் வீட்டுல என்ன நெனப்பாங்க?"

"அப்ப இத நான் வச்சுக்கறேன்" என்றார் அம்மா. கேட்பதுபோல் இல்லை.

அப்பா ஏதோ விதி இருக்கிறதா என்று யோசித்தார். இல்லைபோலிருக்கிறது. "வச்சுக்க" என்றார்.

திங்கட்கிழமை மாலை நாலு மணிக்கு அம்மா கூடையில் ஆறு ஜாக்கெட்டுகளை வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு, இஞ்ச் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு புறப்பட்டார். வேறு டைலரிடம் போன வீடும் அன்றைய பட்டியலில் இருந்தது, சும்மா கேட்டுப் பார்க்க. அன்று அலுவலகத்தில் அனுமதி போட்டுவிட்டுச் சீக்கிரம் வந்திருந்த அப்பா, ஸ்கூட்டர் சாவியோடு வாசலில் நின்றார்.

"எத்தன மணிக்கு வருவ?"

"அளவெடுத்து முடிஞ்சதும்" என்றார் அம்மா. மிதித்தார். தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கியபோது கூடை அசையவில்லை.

அப்பா உள்ளே வந்து உட்கார்ந்தார். சற்றுக் கழித்து, "காபி போடத் தெரியுமா உனக்கு?" என்றார்.

"தெரியும். நீங்களே போடுங்க, நான் வீடியோ காட்டுறேன்" என்றேன்.

முறைத்தார். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய், பால் பாத்திரம் எது என்று கேட்டார்.