அப்பா ஏறாத தூம்பா

அன்புள்ள உறவினர்களுக்கும் அப்பாவின் நண்பர்களுக்கும் தோத்திரம்.

அப்பாவின் ஆண்டு நினைவுக்கு வெளியிடும் இந்த மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அண்ணன் கேட்டார். "நீதான் தமிழ் டீச்சர். பொறப்பு, வேலை, குணம், அவஸ்தை பூசினது, நன்றி. அவ்வளவு போதும். வேற எதையும் கிளறாதே" என்றார். அந்த ஐந்தையும் எழுதியிருக்கிறேன். கிளறியும் இருக்கிறேன். எழுதியதை நானே அச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணனும் உங்களோடு சேர்ந்துதான் இதை முதன்முதலாகப் படிக்கிறார்.

அப்பா பிறந்தது கொள்ளிடத்துக்கு அக்கரையில், சமயபுரத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமனிடம் தச்சு வேலை பழகி, ஒரு துணி மூட்டையோடு நடந்தே திருச்சிக்கு வந்தார். பொன்மலை ரயில் பட்டறையில் தச்சராகச் சேர்ந்து, மேஸ்திரியாக ஓய்வு பெற்றார். தென்னூரில் ஓட்டு வீடு ஒன்று கட்டினார். அம்மா இறந்த பிறகு எங்கள் இருவரையும் வளர்த்து ஆளாக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஆடுகிற பெஞ்சு, கழன்ற கதவு, கிறிஸ்துமஸ் குடில் எல்லாம் அப்பாவின் கைவேலைதான். யாரையும் அதட்டிப் பேசமாட்டார். கோபமே வராது. அவருக்கு வரவேண்டியதும் சேர்ந்து எனக்கு வந்துவிட்டது.

எங்கள் கோயில் பங்கில் இரண்டு தூம்பாக்கள் இருந்தன. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: இறந்தவரை வீட்டிலிருந்து கோயிலுக்கும், கோயிலிலிருந்து கல்லறைக்கும் தூக்கிச் செல்லும் மரப்பெட்டிதான் தூம்பா. அடக்கம் முடிந்ததும் அது கோயில் கொட்டகைக்குத் திரும்பிவிடும், அடுத்தவருக்காக. பெரிய தூம்பாவுக்குக் கறுப்பு வெல்வெட்டும் பித்தளைச் சிலுவையும் உண்டு. அது நமக்கு. சின்னது வெறும் பலகை. அது கோயிலுக்குப் பின்னால் லைன் வீடுகளில் இருக்கும் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு. ஒரே ஞானஸ்நானம், ஒரே பூசை, நாக்கில் வாங்கும் நன்மை அப்பமும் ஒன்றே. செத்த பிறகு மட்டும் இரண்டு பெட்டி! என்ன அநியாயம் இது என்று அப்பாவும் பல வருடம் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

ஒரு ஐப்பசி மழையில் லைன் வீட்டுச் சவரிமுத்துவின் தாயார் இறந்துபோனார். சின்னத் தூம்பாவின் அடிப்பலகை உளுத்து, கையை வைத்தால் உள்ளே போகும் நிலை. சவரிமுத்து அப்பாவிடம் ஓடிவந்தார். "மேஸ்திரி, நீங்க ஒரு வார்த்த சொன்னா பெரிய தூம்பாவக் குடுப்பாங்க. எங்கம்மாவ அந்த ஓட்டையில எப்படிங்க வெக்கிறது?" என்று அழுதார். அப்பா கோயில் பெரியவர்களிடம் போகவில்லை. போனால் சண்டை வரும் என்று நினைத்தார். எங்கள் வீட்டு வாசற்கதவுக்கென்று நல்ல தேக்குப் பலகைகள் வாங்கி வைத்திருந்தார். அவற்றை எடுத்து, பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு, அடிப்பலகை, நான்கு கால், தூக்குக் கட்டை எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். எங்கள் வாசலில் இன்றும் இருப்பது மாமரக் கதவுதான்.

அடக்கம் முடிந்து, தூம்பாவைக் கொட்டகைக்குக் கொண்டுபோகும் வழியில் சவரிமுத்து எங்கள் வீட்டுக்கு வந்தார். தூம்பாவின் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா உறுதியாத்தான் செஞ்சிருக்கீங்க மேஸ்திரி. எங்க பேரப்பிள்ளைங்க வரைக்கும் இதுலயே போகலாம்" என்றார். கேலி இல்லை, கோபமும் இல்லை. அப்படியே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்பா அன்று சாப்பிடவில்லை. "உளுத்துப்போய் தானா விழ இருந்தத நான் தேக்குல கட்டி நிறுத்திட்டேனே பாப்பா" என்று என்னிடம் சொன்னார். நல்லது செய்கிறோம் என்று நினைத்து ஒரு அநியாயத்துக்கு ஆயுசு கூட்டிவிட்டார். ஊரில் வேறு எந்தத் தச்சனும் இவ்வளவு சிரத்தையாகத் தப்பு செய்திருக்கமாட்டான்.

அந்தச் சமயத்தில் பங்குச் சாமியாருக்கு உதவியாகப் புதிதாக ஒரு சின்னச் சாமியார் வந்திருந்தார். அவரும் அப்பாவும் சவரிமுத்துவும் இன்னும் சிலரும் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் கூடுவார்கள். லைன் வீடுகளுக்குக் குழாய் கேட்டு மனு எழுதுவார்கள். அந்தப் பிள்ளைகளை வகுப்பில் கடைசிப் பெஞ்சிலிருந்து முன்னால் உட்காரவைக்கச் சொல்லிக் கேட்பார்கள். நம் ஆட்கள் அதற்கு 'நீதிமன்றம்' என்று பெயர் வைத்துச் சிரித்தீர்கள். ஞாபகம் இருக்கிறதா?

பங்குக் கூட்டத்தில் அப்பா எழுந்து, "நான் தப்பு பண்ணிட்டேன் சாமி. அத சரி பண்ணியிருக்கக் கூடாது. ரெண்டுல ஒண்ண ஒடச்சிடுவோம். எத ஒடச்சாலும் எனக்குச் சம்மதம்" என்றார். "ஓகோ! அப்போ உங்கள அந்தச் சின்னதுல தூக்கலாமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "தூக்குங்க. எனக்கு அதுதான் வேணும்" என்றார் அப்பா. பங்குச் சாமியார், "பங்குல சமாதானம் முக்கியம் மேஸ்திரி" என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார். சமாதானமாம்! யாருக்கு? லைன் வீட்டுக்காரர்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் அதற்குப் பெயர் சமாதானம், திறந்தால் கலகம். சீக்கிரமே சின்னச் சாமியாரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு நிச்சயமாகியிருந்த சம்பந்தமும் முறிந்தது. "பொண்ணோட அப்பா அந்த சனங்களோட சேர்ந்துக்கிட்டாராமே" என்று போய்ச் சொன்னவர் இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறார். நலமாக இருங்கள்.

அப்பா கடைசியாகப் படுத்திருந்த நாட்களில் சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசினார். நல்ல நினைவோடு செபங்களுக்குப் பதில் சொன்னார். அதன்பின் அண்ணனின் கையைப் பிடித்து, "சின்னத் தூம்பா. மறந்துடாதே" என்றார். அண்ணன் தலையாட்டினார். நானும் பார்த்தேன், சித்தப்பாவும் பார்த்தார்.

அப்பா இறந்த அன்று வாசலில் வந்து இறங்கியது வெல்வெட்டுப் போட்ட பெரிய தூம்பா. தெருமுனையில் சவரிமுத்துவும் மூன்று பேரும் சின்னத் தூம்பாவைக் கழுவித் துடைத்துத் தோளில் வைத்து நின்றார்கள். அண்ணன் போய்ப் பேசினார். "எல்லாம் சரிதான்யா. ஊர் வாய மூட முடியுமா? எம் பொண்ணுக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டு இருக்கேன். போயிடுங்க." நான் உள்ளறையில் பெண்களோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக ஒவ்வொரு சொல்லும் கேட்டது. எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அதட்டுகிறவள் அன்று முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள்மேல் உள்ள கோபத்தைவிட என்மேல் எனக்குள்ள கோபம் பெரிது.

சவரிமுத்து போய்விடவில்லை. பெரிய தூம்பாவில் அப்பா போக, ஊர்வலத்தின் கடைசியில் அந்த நான்கு பேரும் வெறும் தூம்பாவைத் தோளில் சுமந்து கல்லறை வரை வந்தார்கள். திரும்பி வரும்போது அதை எங்கள் வாசலில் இறக்கிவைத்தார்கள். "மேஸ்திரி ஏறாத தூம்பாவுல இனிமே எங்க சனம் ஏறாது. நீங்களே வெச்சுக்குங்கம்மா" என்றார் சவரிமுத்து. அது கொல்லைத் தாழ்வாரத்தில் பல மாதம் கிடந்தது.

போன மாதம் சவரிமுத்துவின் மாமனார் இறந்தார். காலையிலேயே கோயில் பெரியவர்கள் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். "டீச்சர், அந்தச் சின்னதக் குடுத்துடுங்க. பொணம் காத்துக்கிட்டு இருக்கு" என்றார்கள். "கொஞ்சம் இருங்க" என்று உள்ளே போனேன். அப்பாவின் ரம்பத்தை எடுத்து வந்து, அவர்கள் கண்ணெதிரே தூம்பாவின் ஒரு காலை அறுக்க ஆரம்பித்தேன். எனக்கு ரம்பம் பிடிக்கத் தெரியாது. கோணலாகப் போயிற்று, கை கொப்பளித்தது. அப்பா இருந்திருந்தால், "மரத்தக் கொல்லுறியே பாப்பா" என்றிருப்பார். "உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?" என்றார் ஒருவர். கால் கழன்று விழும்வரை நான் நிமிரவில்லை. அன்று மத்தியானம் பெரிய தூம்பா முதன்முதலாக லைன் வீடுகளுக்குப் போயிற்று. வெல்வெட்டை உருவிக்கொண்டுதான் கொடுத்தார்கள், அதையும் எழுதிவைக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து மற்ற மூன்று கால்களையும் பலகைகளையும் அறுத்து அடுக்கினேன்.

இனி நன்றி. கடைசிவரை அப்பாவைப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கு நன்றி. ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி சைக்கிளில் வந்து, அப்பாவுக்குப் பேப்பர் படித்துக் காட்டி, "எங்க ஊர்லயும் இதே கதைதான் ஓய்" என்று அவரைச் சிரிக்கவைத்த பட்டறை நண்பருக்கு நன்றி. வெறும் தூம்பாவைச் சுமந்த நான்கு பேருக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இன்று வந்திருந்து பூசை கண்டு, பந்தியில் அமர்ந்து சாப்பிட்ட உறவினர்கள் அனைவருக்கும் நன்றி. மலரைச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலைத் தட்டோடுதான் கொடுக்கவேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்லியிருந்தேன். அப்பாவின் தேக்கு நன்றாகக் காய்ந்த மரம். முதல் உலைக்கு அதைத்தான் வைக்கச் சொல்லி விறகை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் சாப்பிட்ட சோறு அதில்தான் வெந்தது.